சூதும் சட்டமும்: கடைக்காரர் தெரிந்திருக்க வேண்டியவை



கொடுக்கல் வாங்கல், கணக்கு, வரி, உரிமம் என்று எழுதி வரும் இந்தப் பகுதியில் சூதாட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சூது ஹராம் என்பது மத்ரஸாவில் ஓதும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் நம் நாட்டுச் சட்டம் சூதைப் பற்றி என்ன சொல்கிறது, எதைத் தடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது, மாட்டினால் யார் மாட்டுவார்கள் என்று கேட்டால், முப்பது வருடம் கடை வைத்திருப்பவர்களும் விழிக்கிறார்கள். சூது ஆடாத மனிதரும் சூதுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வழி உண்டு. இந்தப் பாடம் அதற்காகத்தான்.

நான் இருப்பது நல்லதண்ணியில். பாவா ஆதம் மலை என்று நம்மவர்களும் சிவனொளிபாத மலை என்று மற்றவர்களும் சொல்லும் மலையின் அடிவாரம். டிசம்பர் மாதத்து உந்துவப் பௌர்ணமியில் சீசன் தொடங்கினால் மே மாதத்து வெசாக் வரை இரவும் பகலும் ஜனம். எங்கள் வருட வியாபாரத்தின் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் நடக்கிறது. ஜனம் கூடும் இடத்துக்கு வியாபாரி மட்டும் வருவதில்லை. மூன்று சீட்டுக்காரனும் வருவான், வளையம் எறியச் சொல்பவனும் வருவான், ஆறு படம் வரைந்த துணியை விரித்துக்கொண்டு டப்பாவில் தாயக்கட்டை குலுக்குபவனும் வருவான். "முதலாளி, உங்கள் கடை ஓரத்தில் கொஞ்சம் இடம் தாருங்கள், நாளுக்கு இவ்வளவு தருகிறேன்" என்று கேட்பான். அந்த வாடகை நல்ல வாடகையாகவும் இருக்கும். கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் பிறந்த கதை

இலங்கையில் சூதைப் பற்றிய சட்டங்கள் வெள்ளைக்காரன் காலத்தவை. லொத்தர்களைப் பற்றிய கட்டளைச் சட்டம் 1844ஆம் ஆண்டுக்குரியது. சூதாட்டக் கட்டளைச் சட்டம் 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைப் பற்றிய கட்டளைச் சட்டம் 1930ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட வரிச் சட்டம். மற்றது, 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கெசினோ தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம்.

2025 ஆகஸ்ட் மாதத்தில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபை என்ற ஒன்றை அமைப்பதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. அது 2025ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். 1889ஆம் ஆண்டுச் சட்டம், 1930ஆம் ஆண்டுச் சட்டம், 2010ஆம் ஆண்டுக் கெசினோச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக இது கொண்டுவரப்பட்டது. இணையம் வழியான சூதையும் ஒரே சபையின் கீழ் கொண்டு வருவது இதன் நோக்கங்களில் ஒன்று. எந்தப் பிரிவு எந்தத் திகதியில் நடைமுறைக்கு வருகிறது என்பதை வர்த்தமானியைப் பார்த்தே சொல்ல வேண்டும். ஆகவே உங்களுக்கு ஒரு காரியம் வந்தால் ஒரு சட்டத்தரணியிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் பழைய சட்டத்தின் அடிப்படையை விளங்கிக்கொண்டால்தான் புதியதும் விளங்கும். நம் பொலிஸாரும் நீதிமன்றங்களும் நூறு வருடத்துக்கு மேலாகப் பழகியது அதில்தான்.

முதல் பாடம்: இடம்

1889ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கேட்கும் கேள்வி "என்ன ஆட்டம்?" என்பதல்ல. "எங்கே ஆடினாய்?" என்பதுதான். பணம் வைத்து ஆடுவதோ பந்தயம் கட்டுவதோ பாதையில், தெருவில், பொதுமக்கள் வந்து போகும் இடத்தில், மதுக்கடையில், அல்லது பொதுச் சூதாட்ட இடத்தில் நடந்தால் அது சட்டவிரோதச் சூது. பொதுச் சூதாட்ட இடம் என்பது பணம் வைத்து ஆடுவதற்கென்று வைத்திருக்கிற, பொதுமக்கள் நுழையக்கூடிய இடம். நுழையக் காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றுதான்.

இதிலிருந்தே விலக்கும் விளங்கும். தன் வீட்டுக்குள், வெளியார் வராத இடத்தில், நாலு பேர் சீட்டாடினால் அந்தச் சட்டம் அதைத் தேடிப் போகவில்லை. அதற்காக அது நல்ல காரியம் ஆகிவிடாது. சட்டத்தின் கை அங்கே நீளவில்லை, அவ்வளவுதான். ஆனால் கோழிச் சண்டைக்கு அந்த விலக்கும் கிடையாது. பணம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், வீட்டில் நடந்தாலும் வெளியில் நடந்தாலும், கோழிச் சண்டையைச் சட்டவிரோதச் சூது என்றே அந்தச் சட்டம் வைத்தது.

இப்போது சீசன் கடைக்கு வருவோம். மலைக்குப் போகும் பாதை பொதுப் பாதை. அதன் ஓரத்தில் விரித்த துணியும் பொதுமக்கள் வரும் இடம்தான். "இது விளையாட்டு முதலாளி, திறமை இருந்தால் ஜெயிக்கலாம்" என்று அவன் சொன்னாலும், பணம் வைத்து ஆடுவது பாதையில் நடக்கிறது. முதல் கேள்வியிலேயே அவன் தோற்றுவிட்டான்.

இரண்டாம் பாடம்: இடம் கொடுத்தவர்

நம்மவர்கள் அதிகம் தவறவிடும் பாடம் இதுதான். ஆடியவனை மட்டும் சட்டம் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. பொதுச் சூதாட்ட இடத்தை நடத்துபவரும், தன் சொந்த இடத்தை அதற்குப் பயன்படுத்த அனுமதிப்பவரும் குற்றவாளிகளே. கடையின் மேல் மாடியை, பின்கட்டை, சீசன் கொட்டகையை வாடகைக்கு விட்டுவிட்டு "எனக்கு வாடகைதான் வரும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது" என்று சொன்னால், தெரியாது என்பதை நம்பும்படி காட்டவேண்டிய நிலை நமக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. நீதவானின் தேடுதல் ஆணையோடு பொலிஸார் ஓர் இடத்துக்குள் நுழைந்து அங்கே சூதுக்குரிய கருவிகளைக் கண்டால், எதிராக நிரூபிக்கப்படும் வரை அது சூதாட்ட இடம் என்றே கொள்ளப்படும். சாதாரணக் குற்றங்களில் அரசு தரப்புத்தான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். இங்கே பாரத்தின் ஒரு பங்கு நம் தோளில் ஏறுகிறது. பிடிபட்ட பணமும் கருவிகளும் திரும்பாமல் போகலாம்.

தண்டப்பணம் என்று பார்த்தால், பழைய சட்டத்தில் எழுதியிருந்த தொகைகள் நூறு வருடத்துக்கு முந்திய பெறுமதியில் எழுதப்பட்டவை. இன்றைக்கு ஒரு முதலாளிக்கு அது பெரிய காசில்லை. புதிய சட்டம் தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் என் வாதம் தண்டப்பணத்தைப் பற்றியதல்ல. ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று ஒரு பதிவு விழுந்தால், அது அந்த நாளோடு முடிவதில்லை. மகன் கட்டாருக்கோ சவூதிக்கோ போகப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள். அந்த நேரத்தில் இருநூறு ரூபா தண்டம் கட்டிய பழைய வழக்கு கோப்பிலிருந்து எழுந்து வரும். கடையில் நின்ற பையனையும் சேர்த்து எழுதியிருந்தால், அவன் வாழ்க்கையும் நம் வாடகைக்குள் போய்விடும்.

ஆகவே வாடகை ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரி சேருங்கள்: இந்த இடத்தில் சூது, பந்தயம், உரிமம் இல்லாத லொத்தர் எதுவும் நடத்தக்கூடாது, நடத்தினால் ஒப்பந்தம் அன்றே முடியும். நொத்தாரிசு எழுதித் தருவார். சீசனுக்கு மட்டும் வாய்ப்பேச்சில் இடம் கொடுப்பவர்களும் ஒரு துண்டுக் கடுதாசியிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போய் எட்டிப் பாருங்கள். எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கடுதாசி நம்மைக் காப்பாற்றாது.

மூன்றாம் பாடம்: வரி வேறு, உரிமம் வேறு

"ரேஸ் புக்கி நடத்துபவர் அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறாரே, அது எப்படிச் சட்டவிரோதம்?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி.

நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தில் குதிரை ஓடுவதை எல்லோரும் அறிவோம். வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்பிலும் ஓடியது. 1956இல் பண்டாரநாயக்க அரசாங்கம் குதிரைப் பந்தயத்தை நிறுத்தியது. 1980களில் நுவரெலியாவில் அது மறுபடி தொடங்கியது. இடையில் நாட்டில் குதிரை ஓடாவிட்டாலும் இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கே பணம் கட்டும் வழக்கம் நிற்கவில்லை. 1988ஆம் ஆண்டின் வரிச் சட்டம் இப்படிப் பந்தயம் எடுப்பவர்களிடமும் சூதாட்டம் நடத்துபவர்களிடமும் வரி வாங்க வந்தது. இறைவரித் திணைக்களம் வரி வாங்கும். அதனால் அந்தத் தொழிலுக்கு அனுமதி கொடுத்ததாக ஆகாது.

கெசினோக்களின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 2010இலேயே உரிமச் சட்டம் வந்தது. ஆனால் உரிமம் கொடுப்பதற்கான விதிகள் 2022இல்தான் வர்த்தமானியில் வெளியாயின. அதுவரை கெசினோக்கள் வருடா வருடம் வரி கட்டிக்கொண்டே நடந்தன. 2025 ஆகஸ்டில் கொழும்பில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய ஹோட்டலும் கெசினோவும் திறக்கப்பட்டன. இலங்கையர் ஒருவர் கெசினோவுக்குள் நுழையக் கட்ட வேண்டிய 50 டொலர் வரியை 100 டொலராக உயர்த்தும் திருத்தமும் அதே 2025இல் கொண்டுவரப்பட்டது. உல்லாசப் பயணியின் பணம் வரட்டும், சொந்த நாட்டவன் உள்ளே போவது கடினமாகட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் எண்ணம்.

வியாபாரிக்கு இதில் உள்ள பாடம் இது: யாராவது உங்களிடம் வரிப் பற்றுச்சீட்டைக் காட்டி "எல்லாம் சட்டப்படிதான்" என்றால், "உரிமத்தைக் காட்டுங்கள், யார் பெயரில், எந்த முகவரிக்கு, எந்தத் திகதி வரை" என்று கேளுங்கள். கொழும்பில் ஒரு முகவரிக்கு எடுத்த உரிமம் மஸ்கெலியாவில் உங்கள் மாடிக்குச் செல்லாது.

நான்காம் பாடம்: சீட்டு என்ற ஒரே சொல்

நம் தமிழில் சீட்டு என்ற ஒரு சொல் மூன்று காரியங்களுக்கு வழங்குகிறது. சட்டத்தில் மூன்றும் மூன்று வழி.

முதலாவது, சீட்டாட்டம். அதைப் பார்த்தாயிற்று.

இரண்டாவது, லொத்தர் சீட்டு. லொத்தர் நடத்துவது பொதுவாகத் தடுக்கப்பட்டது. அரசாங்கத்துக்கு மட்டும் விலக்கு. தேசிய லொத்தர் சபை 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தால் வந்தது. அபிவிருத்தி லொத்தர் சபைக்கு 1997ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் உண்டு. முன்னதன் வருமானம் திறைசேரிக்கும் பின்னதன் வருமானம் ஜனாதிபதி நிதியத்துக்கும் போகிறது. இந்த இரண்டு சபைகளின் சீட்டு விற்பது நாட்டுச் சட்டப்படி குற்றமல்ல. நம் மார்க்கப்படி அது வேறு கணக்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாடசாலைக் கட்டடம், விளையாட்டுக் கழகம், கோயில், பள்ளிவாசல் என்று நிதி சேர்க்கக் குலுக்கல் சீட்டு அச்சடிக்கிறார்கள். நோக்கம் நல்லதாக இருப்பதால் சட்டம் விட்டுவிடும் என்று நினைக்கக்கூடாது. தனியார் லொத்தருக்கு அனுமதி வேண்டும். அச்சகத்துக்குப் போகும் முன் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பள்ளிவாசலுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். சூதுப் பணத்தில் அல்லாஹ்வின் வீட்டுக்கு ஓடு போட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

மூன்றாவது, சீட்டுப் பிடித்தல். லயத்தில் பத்துப் பெண்கள் மாதம் ஐயாயிரம் போட்டு ஒவ்வொருவராக ஐம்பதாயிரம் எடுக்கிறார்களே, அது. இது சூதல்ல. போட்டது எல்லோருக்கும் திரும்பி வருகிறது, முறைதான் முன்னும் பின்னும். சீட்டுகளைப் பற்றி 1935ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்திருக்கிறது. தள்ளிக் கேட்கும் ஏலச் சீட்டில் வட்டியின் வாடை வருவதால் உலமாக்களிடம் கேட்டு நடக்க வேண்டும். தள்ளாமல் முறை வைத்து எடுக்கும் சீட்டு ஏழை ஜனங்களின் சேமிப்பு. அதையும் சூதையும் ஒன்றாகப் பேசி அந்தப் பெண்களைக் கேவலப்படுத்துவது அநியாயம்.

ஆனால் சீட்டு மாதிரி வந்து சூதை விட மோசமாகக் கவிழ்ப்பது ஒன்று இருக்கிறது. "நீங்கள் சேருங்கள், இருவரைச் சேர்த்துவிடுங்கள், அவர்கள் நால்வரைச் சேர்த்தால் உங்களுக்குப் பணம்" என்று வரும் பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித் தொழில் சட்டத்தின் 83 இ பிரிவு, 2005இல் சேர்க்கப்பட்டது, இதைத் தடுக்கிறது. நடத்துபவருக்கு மட்டுமல்ல, ஆள் சேர்ப்பவருக்கும் தடை. மூன்று வருடம் வரை சிறையோ பத்து இலட்சம் ரூபா வரை தண்டமோ இரண்டுமோ கிடைக்கலாம். மற்றவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே செய்திருந்தால் மூன்றிலிருந்து ஐந்து வருடம் சிறை. தண்டமும் இரட்டிப்பாகும். தடை செய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலை இலங்கை மத்திய வங்கி வெளியிடுகிறது. மச்சான் சொன்னான், சம்பந்தி சொன்னார் என்று சேரும் முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

ஐந்தாம் பாடம்: கைத்தொலைபேசிக்குள் வந்த சூது

பழைய சட்டம் இடத்தைக் கேட்டது என்றேன். இப்போது இடமே இல்லாத சூது வந்துவிட்டது. கொழும்பில் கடையில் நிற்கும் தோட்டத்துப் பையன் இரவு பாயில் படுத்துக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டுகிறான். யாருக்கும் தெரியாது. சம்பள நாளில் வீட்டுக்குப் பணம் வராதபோதுதான் தாய்க்குத் தெரிகிறது.

ஆடுவதை விட ஆபத்தான ஒன்று இதில் உண்டு. "உன் வங்கிக் கணக்கை எனக்குத் தா, அதில் பணம் வரும், எடுத்து நான் சொல்லும் இடத்தில் போடு, நூற்றுக்கு இவ்வளவு உனக்கு" என்று ஒருவன் கேட்பான். ரீலோட் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடமும் இதைக் கேட்கிறார்கள். உரிமம் இல்லாத சூதின் பணம் குற்றத்தில் வந்த பணமாகக் கருதப்பட்டால், அதை வாங்கிக் கைமாற்றுபவர் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் வாசலில் நிற்கிறார். அது சில நூறு ரூபா தண்டத்தோடு போகிற சட்டமல்ல. கணக்கு முடக்கப்படலாம். அந்தக் கணக்கில் உங்கள் கடைச் சரக்குக்கு வைத்திருந்த பணமும் சேர்ந்தே முடங்கும். உங்கள் கணக்கும் உங்கள் அடையாள அட்டையும் உங்கள் சட்டைப் பையை விட்டு வேறு ஒருவர் பைக்குப் போகக்கூடாது.

விளையாட்டில் முடிவை விற்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பத்து வருடம் வரை சிறை, பத்துக் கோடி ரூபா வரை தண்டம். தோட்டத்துப் பையன்களின் மென்பந்துப் போட்டியிலும் பந்தயம் கட்டும் பழக்கம் வந்துவிட்டதால், போட்டிக்குக் கிண்ணம் கொடுக்கும் நம் கடைக்காரர்கள் இதையும் தெரிந்திருப்பது நல்லது.

அக்கரையில் எப்படி?

தமிழ்நாட்டின் அனுபவம் நமக்குப் படிப்பினை. அங்கே 1930ஆம் ஆண்டிலிருந்தே சூதாட்டச் சட்டம் உண்டு. லொத்தரை 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு முழுவதும் தடை செய்தது. பக்கத்திலே கேரளாவில் 1967இலிருந்து அரசாங்கமே லொத்தர் நடத்துகிறது. எல்லை தாண்டினால் சட்டம் மாறுகிறது.

இந்தியச் சட்டங்களில் பெரிய விலக்கு ஒன்று இருந்தது. அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் சூது, திறமையை நம்பிய ஆட்டம் சூதல்ல. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. ரம்மியும் அந்த வாசலால்தான் நுழைந்தது. தொலைபேசியில் ரம்மி ஆடிக் கடன்பட்டுப் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்ற செய்திகள் தொடர்ந்து வரவே, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பிறகு இணையச் சூதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதன்படி ஆடியவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபா வரை தண்டம். விளம்பரம் செய்தவருக்கு ஒரு வருடம் அல்லது 5 இலட்சம். நடத்தியவருக்கு மூன்று வருடம் அல்லது 10 இலட்சம். ஆனால் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது.

2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறையும் ஒரு கோடி ரூபா வரை தண்டமும். விளம்பரத்துக்கு இரண்டு வருடம், 50 இலட்சம். ஆடியவரைக் குற்றவாளியாக்காமல் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது அந்தச் சட்டம்.

கவனியுங்கள். ஒரே ஆகஸ்ட் மாதத்தில் இந்தியா இணையச் சூதுக்குக் கதவைச் சாத்தியது. இலங்கை காவலாளி வைத்துக் கதவைத் திறந்து வைக்கும் வழியை எடுத்தது. எது சரி என்று பெரியவர்கள் வாதாடட்டும். நமக்குத் தெரிய வேண்டியது, அரசாங்கம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது என்பதால் அது நமக்கு நன்மையானது என்று ஆகிவிடாது என்பதுதான்.

கணக்குப் புத்தகம் சொல்வது

நாம் வியாபாரிகள். கணக்கு வைத்துப் பார்ப்போம். ஆறு படத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டை, ஒவ்வொன்றிலும் ஆறு படம். நீங்கள் ஒரு படத்தில் நூறு ரூபா வைக்கிறீர்கள். ஒரு கட்டையில் உங்கள் படம் விழுந்தால் நூறு, இரண்டில் விழுந்தால் இருநூறு, மூன்றிலும் விழுந்தால் முந்நூறு. மூன்று கட்டைகள் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 216. அதில் 125 விதத்தில் உங்கள் படம் வராது. 75 விதத்தில் ஒன்று, 15 விதத்தில் இரண்டு, ஒரே ஒரு விதத்தில் மூன்றும் வரும். வருவதைக் கூட்டினால் 75, 30, 3, ஆக 108 நூறுகள். போவது 125 நூறுகள். 21,600 ரூபா வைத்தால் 1,700 ரூபா அவனுக்கு. நூற்றுக்கு எட்டு ரூபா கிட்ட. கட்டையில் கள்ளம் இல்லாமலே இது. அரிசி மூட்டையில் நூற்றுக்கு எட்டு நிகர லாபம் நிற்கும் கடை எது என்று சொல்லுங்கள். அவன் சரக்கு வாங்குவதில்லை, கடன் கொடுப்பதில்லை, எலியும் தின்னாது.

லொத்தரிலும் பாருங்கள். ஒரு சீட்டு 40 ரூபா. நாளுக்கு மூன்று எடுத்தால் 120. மாதம் 3,600. வருடம் 43,800. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 32 நாள் கொழுந்து பறித்த கூலி அது. மழையில், அட்டைக் கடியில், பெண் ஒருத்தி ஒரு மாதத்துக்கு மேல் நின்ற கால். புருஷன் நாளுக்கு 120 ரூபா தானே என்கிறான்.

இதில் நம் கடைகளின் நட்டமும் உண்டு. அந்த 43,800 ரூபா எங்கிருந்து போகிறது? மாவு, சீனி, பருப்புக்கு நம் கடைக்கு வர வேண்டிய பணம் அது. நம் கொப்பியில் கடனாக ஏறுவதும் அதுவே. சூதுக்காரனுக்குக் கொட்டகை கொடுத்து நாள் வாடகை வாங்கும் முதலாளி, தன் சொந்த வாடிக்கைக்காரனின் பையைத் தானே ஓட்டை போடுகிறார்.

சூதில் பட்ட கடனுக்கு நம் நாட்டில் பின்பற்றப்படும் ரோமன் டச்சுச் சட்டத்தில் நீதிமன்றம் துணை வராது. ஜெயித்தவன் வழக்குப் போட்டு வாங்க முடியாது. அதனால்தான் அந்தக் கடன்கள் மிரட்டலிலும் அடிதடியிலும் முடிகின்றன. சூதுக் கடனுக்குப் பிணை நிற்கச் சொல்லி யார் வந்தாலும், எவ்வளவு பழகியவரானாலும், ஸலாம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சுருக்கமாக

ஒன்று: பொது இடத்தில் பணம் வைத்து ஆடுவது எந்தப் பெயரில் வந்தாலும் ஒதுங்குங்கள். இரண்டு: உங்கள் இடத்தில் நடப்பதற்கு நீங்கள் பொறுப்பு, வாடகைக் கடுதாசியில் எழுதுங்கள், போய்ப் பாருங்கள். மூன்று: வரிப் பற்றுச்சீட்டு உரிமம் அல்ல. நான்கு: குலுக்கல் என்றால் அச்சடிக்கும் முன் கேளுங்கள். ஐந்து: வங்கிக் கணக்கை இரவல் கொடுக்காதீர்கள். ஆறு: கடையில் நிற்கும் பையனின் முகத்தைப் பாருங்கள். திடீரென முன்பணம் கேட்பவன், கல்லாவில் சில்லறை குறைபவன், இரவெல்லாம் தொலைபேசியோடு இருப்பவன், இவனைத் திட்டித் துரத்துவதற்கு முன் தனியே கூப்பிட்டு "எவ்வளவு கடன்?" என்று கேளுங்கள். துரத்திவிட்டால் அவன் இன்னொரு கடைக் கல்லாவுக்குத்தான் போவான். சம்பளத்தைக் கொஞ்ச நாள் தாயின் கையில் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தால் அவன் தப்பக்கூடும்.

சட்டம் இடத்தைப் பார்க்கிறது, உரிமத்தைப் பார்க்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நம் மார்க்கம் மைஸிர் என்று சொல்லி, மதுவோடு சேர்த்து, மாயிதா சூராவில் ஒரே தீர்ப்பாகத் தடுத்துவிட்டது. அது மனிதருக்கிடையில் பகையை மூட்டும் என்ற காரணத்தையும் அங்கேயே சொல்லியிருக்கிறது. சட்டம் விட்டுவைத்த இடத்திலும் நாம் நிற்கக்கூடாது என்பது நமக்கு மேலதிகப் பாரம் அல்ல, பாதுகாப்பு. இரண்டு கணக்கிலும் நேராக இருக்கும் வியாபாரிக்கு இரவில் கதவு தட்டப்பட்டாலும் நெஞ்சு அடிக்காது. அந்தத் தூக்கத்துக்கு எந்த வாடகையும் ஈடில்லை.

அடுத்த வாரம் இன்ஷா அல்லாஹ், சீசன் கடைகளுக்கான வாடகை ஒப்பந்தம் எழுதும் முறையைப் பார்ப்போம். வஸ்ஸலாம்.